முதல் பங்கு ஆற்றுக்கு

ஜூலை மாதத்தின் முதல் வாரம். அதிகாலை மணி நான்கு. அலாஸ்காவின் தென்மேற்குக் கரையில் கோடைக்கால இரவு என்பது சில மணி நேர மங்கல் வெளிச்சம்தான். சேறும் கூழாங்கற்களும் கலந்த கடற்கரையில் ஒரு குடும்பம் நிற்கிறது. மார்புவரை மூடும் ரப்பர் உடை, கையுறை, கம்பளித் தொப்பி. அருகில் ஓர் அலுமினியப் படகு. அதனுள் வலை மடித்து அடுக்கப்பட்டிருக்கிறது.

கரையை ஒட்டிய நீரில் ஒரு மீன் துள்ளி விழுகிறது. சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகு நான்கைந்து ஒரே நேரத்தில். ஓராண்டாகக் காத்திருந்த மீன் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து செல்கிறது. ஆனாலும் யாரும் வலையை நீரில் இறக்கவில்லை. எல்லாருடைய காதும் படகிலுள்ள சிறிய வானொலிப் பெட்டியின்மீதுதான் இருக்கிறது.

வலை இருக்கிறது, மீன் இருக்கிறது, வாங்குவதற்கு ஆளும் இருக்கிறது. பிறகு எதற்காக இந்தக் காத்திருப்பு?

அதற்கு விடை காண, முதலில் இடத்தையும் மீனையும் அறிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், பேரிங் கடலின் கிழக்குக் கோடியில் இருப்பது பிரிஸ்டல் விரிகுடா. நாக்நெக், க்விஜாக், எகெகிக், உகாஷிக், நுஷகாக், டோகியாக் முதலிய ஆறுகள் அதில் வந்து கலக்கின்றன. அவற்றுள் பல, பெரிய ஏரிகளிலிருந்து புறப்படுபவை. அலாஸ்காவிலேயே மிகப் பெரிய ஏரியான இலியம்னாவின் நீரைக் க்விஜாக் ஆறுதான் கடலுக்குக் கொண்டு வருகிறது. நாக்நெக், டில்லிங்ஹாம் போன்ற ஊர்களை மாநிலத்தின் பெருநகரமான ஆங்கரேஜுடன் இணைக்கும் சாலை எதுவும் இல்லை. வானூர்தியில் வர வேண்டும். இல்லையேல் கப்பலில் வர வேண்டும்.

உலகிலேயே மிக அதிகமான சாக்கை சால்மன் மீன்கள் ஆண்டுதோறும் திரும்பி வரும் இடம் இந்த விரிகுடா. சாக்கை என்பது சால்மன் இனங்களுள் ஒன்று. செந்நிறச் சதை கொண்டது. நம் பேரங்காடிகளில் நாம் காணும் சால்மன் பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளில் கூண்டுகளில் வளர்க்கப்படும் அட்லாண்டிக் சால்மன். சாக்கை அவ்வாறு வளர்ந்ததன்று. ஏரியையொட்டிய ஓடைகளின் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து பொரிந்து, ஓரிரண்டு ஆண்டுகள் ஏரியில் வளர்ந்து, பின்னர் ஆற்றின் வழியே கடலை அடைகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் பசிபிக் பெருங்கடலில் இரை தேடித் திரிந்து, ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் எடையுள்ள மீனாகத் தான் பிறந்த அதே ஆற்றுக்குத் திரும்புகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலில் சுற்றிய மீன் தன் ஆற்றை எப்படி அடையாளம் காண்கிறது? ஒவ்வோர் ஆற்று நீருக்கும் தனி மணம் உண்டு. குஞ்சுப் பருவத்தில் பதிந்த அந்த மணத்தை மீன் மறப்பதில்லை என்று ஆர்தர் ஹாஸ்லர் என்னும் அமெரிக்க அறிவியலாளர் ஆய்வுகள்வழி விளக்கினார்.

ஆற்றுக்குள் நுழைந்ததும் சாக்கை உண்பதை நிறுத்திவிடுகிறது. வெள்ளியாய் மின்னிய உடல் சிவப்பாகவும் தலை பச்சையாகவும் மாறுகின்றன. பெண் மீன் வாலால் கூழாங்கற்களைப் பறித்துக் குழி செய்து, மூவாயிரம் நாலாயிரம் முட்டைகளை இடுகிறது. முட்டையிட்ட சில நாள்களில் ஆணும் பெண்ணும் இறந்துவிடுகின்றன. அழுகும் அவற்றின் உடல்கள் ஓடைக்கும் ஏரிக்கும் உரமாகின்றன. கடலில் சேர்த்த சத்தை மலையடிவாரம்வரை சுமந்து வந்து கொடுத்துவிட்டுப் போகும் மீன் இது.

சாக்கையின் வாழ்வில் மனிதர் குறுக்கிடும் இடம் ஆற்றின் முகத்துவாரம். ஜூன் மாதப் பிற்பகுதி தொடங்கி ஜூலை நடுப்பகுதிவரை, ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் மொத்தக் கூட்டமும் அந்த இடத்தைக் கடந்துவிடும். ஜூலை 4ஆம் நாளையொட்டிய வாரம்தான் உச்சம். ஓராண்டு வருமானத்தின் பெரும்பகுதியை ஒரு மாதத்தில் ஈட்ட வேண்டிய தொழில் எவ்வளவு பதற்றம் நிறைந்ததாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கு இரண்டு வகை மீனவர்கள் இருக்கின்றனர். ஒரு வகையினர் படகில் சென்று, நீரோட்டத்தோடு மிதக்கும் வலையை விரிப்பவர்கள். அவர்களுடைய படகின் நீளம் 32 அடியைத் தாண்டக் கூடாது. இந்த விரிகுடாவில் 1951ஆம் ஆண்டுவரை பாய்மரப் படகில் மட்டுமே வணிக மீன்பிடிப்பு செய்ய முடிந்தது. இயந்திரம் பொருத்த அனுமதி இல்லை. இன்னொரு வகையினர்தான் நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பத்தைப் போன்றவர்கள். இவர்கள் பயன்படுத்துவது நிலைவலை.

நிலைவலை என்பது பெயருக்கேற்ப ஒரே இடத்தில் நிற்கும் வலை. அதன் ஒரு முனை கரைப்பக்கம் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை கடலுக்குள் நங்கூரத்தில் இருக்கும். மேற்கயிற்றில் மிதவைகளும் கீழ்க்கயிற்றில் ஈயமும் இருப்பதால் வலை நீருக்குள் ஒரு வேலியைப் போல நிமிர்ந்து நிற்கும். ஓர் உரிமத்துக்கு 50 பாகம் நீளமுள்ள வலை. இரு கைகளையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை உள்ள நீளமே பாகம்; தமிழ்நாட்டு மீனவர்கள் கடலின் ஆழத்தை இன்றும் பாகக் கணக்கில் சொல்வதுண்டு. 50 பாகம் என்பது ஏறத்தாழ 90 மீட்டர். வலைகளுக்கிடையே பெரும்பாலான இடங்களில் 300 அடி இடைவெளி இருக்க வேண்டும். கரையோரமாக ஆற்றை நோக்கி வரும் சாக்கை, கலங்கிய நீரில் வலையைக் காண்பதில்லை. தலை வலைக்கண்ணுக்குள் நுழைந்துவிடும், உடல் நுழையாது. பின்வாங்க முயன்றால் செவுள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இத்தகைய வலையைச் செவுள்வலை என்றும் சொல்கிறார்கள்.

படிக்கும்போது இது எளிய வேலையாகத் தோன்றலாம். வலை நிற்கிறது, மீன் தானே வந்து மாட்டுகிறது, நமக்கென்ன வேலை என்று கேட்கத் தோன்றும். மாட்டிய மீனை எடுப்பதுதான் வேலை. படகை வலையின் குறுக்கே நிறுத்தி, வலையைப் படகின்மேல் இழுத்து, ஒவ்வொரு மீனாக விடுவிக்க வேண்டும். கைப்பிடியில் பொருத்திய சிறிய கொக்கி ஒன்றால் செவுளிலிருந்து நூலை விலக்குவார்கள். பழகிய கைக்கு ஒரு மீனுக்குச் சில நொடிகள் போதும். புதியவருக்கு ஒரு மீனே ஒரு போராட்டம். நீர் பனிபோல் குளிரும். உச்சத்தின்போது ஒரே வலையில் நூற்றுக்கணக்கான மீன்கள் மாட்டியிருக்கும். அவற்றின் கனத்தில் மிதவைகளே அமிழ்ந்துபோகும். ஒரு வாரம் இந்த வேலையைச் செய்தவர்கள் காலையில் எழுந்ததும் விரல்களை நேராக நீட்ட முடியாமல் வெந்நீரில் வைத்துத் தளர்த்துவார்கள்.

உண்மையில் இங்கு வேலை நேரத்தை வகுப்பது கடிகாரமன்று, கடல். நாக்நெக் பகுதியில் நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 6 மீட்டரைத் தாண்டும். அதாவது, இரண்டு மாடி உயர நீர் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் போய்விடுகிறது. நீர் வற்றும்போது பல இடங்களில் வலை முழுவதும் சேற்றின்மேல் படிந்து கிடக்கும். அப்போது படகுக்கு வேலையில்லை; முழங்கால்வரை சேற்றில் நடந்து சென்று, கடற்காக்கைகள் கொத்துவதற்குள் மீனை எடுத்தாக வேண்டும். அடுத்த ஏற்றம் நள்ளிரவில் என்றால் வேலையும் நள்ளிரவில். தூக்கம், உணவு எல்லாம் இரண்டு ஏற்றங்களுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில்தான்.

பிடித்த மீனை உடனே பனிக்கட்டி கலந்த நீரில் இட வேண்டும். வாங்கும் கப்பல் கடலில் காத்திருக்கும். மீன் பைகளைப் பாரந்தூக்கி எடுத்து எடைபோடும். ஒவ்வொரு முறையும் எடையும் இனமும் பிடித்த இடமும் சீட்டில் பதிவாகும். அந்தச் சீட்டு மீனவருக்குக் கணக்கு. அரசாங்கத்துக்கோ அன்றைய நாளில் கடலிலிருந்து எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதற்கான சான்று.

நிலைவலைத் தொழிலில் பெண்கள் பலர் உரிமம் வைத்திருக்கிறார்கள். பாட்டி, தாய், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையினர் ஒரே வலையில் வேலை செய்வது இங்கு வியப்பான காட்சியன்று. பெரிய படகு வேண்டாம், ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டாம் என்பதால் குடும்பமாகச் செய்யக்கூடிய தொழில் இது.

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம்.

ஆற்றின் மேற்பகுதியில், கடலின் ஆரவாரம் கேட்காத தொலைவில், கரையோரமாக ஒரு கோபுரம் நிற்கிறது. கோபுரம் என்றால் உயர்ந்த கட்டடமன்று. ஏணி வைத்த ஓர் எளிய பரண்தான். அதன்மேல் ஒருவர் நின்று, தெளிந்த நீரைக் கூர்ந்து நோக்குகிறார். நீரின் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி அணிந்திருக்கிறார். கையில் எண்ணும் கருவி. கீழே கரையை ஒட்டிச் சாக்கைகள் வரிசையாக ஏறிச் செல்கின்றன. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு சொடுக்கு. பத்து நிமிடம் எண்ணுவார். பிறகு மறுகரையிலுள்ள கோபுரத்தில் பத்து நிமிடம். அந்த எண்ணிக்கையை ஆறால் பெருக்கினால் ஒரு மணி நேரத்தில் கடந்த மீன்களின் தொகை கிடைத்துவிடும். அடுத்த மணியில் மீண்டும் எண்ணுதல். இரவிலும் இது நிற்பதில்லை. 1950களில் இம்முறை இங்கு உருவானது. செயற்கைக்கோள் யுகத்திலும் பல ஆறுகளில் இன்றும் மனிதக் கண்ணே மீனை எண்ணுகிறது.

இப்படி வலைக்குத் தப்பி ஆற்றில் ஏறும் மீன்களின் தொகையை ஆங்கிலத்தில் 'எஸ்கேப்மென்ட்' என்பர். நாம் 'தப்பியவை' என்று சொல்லலாம். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓர் இலக்கு உண்டு. நாக்நெக் ஆற்றுக்கு 8 இலட்சம் முதல் 2 மில்லியன்வரை. க்விஜாக் ஆற்றுக்கு 2 மில்லியன் முதல் 10 மில்லியன்வரை. இலக்கை எட்டும் வேகத்தில் மீன் ஏறுகிறதா என்று உயிரியலாளர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். ஏறவில்லை என்றால் மீன்பிடிப்பு மூடப்படும். போதிய அளவு ஏறிவிட்டால் திறக்கப்படும். இத்தனை மணி முதல் இத்தனை மணிவரை வலை போடலாம் என்ற உத்தரவு வானொலியில் வாசிக்கப்படும். அதைக் கேட்பதற்குத்தான் அந்தக் குடும்பம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது.

இலக்குக்கு மேல் எல்லை ஒன்றும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதிகமான மீன் ஏறினால் நல்லதுதானே? எப்போதும் அப்படி இல்லை. பிந்தி வரும் மீன்கள், முந்தி வந்தவை இட்ட முட்டைகளைத் தோண்டி எறிந்துவிடும். பொரிக்கும் குஞ்சுகள் அளவுக்கு மீறினால் ஏரியில் உணவு போதாது. ஆகவே மூடுவதற்கு மட்டுமன்றித் திறப்பதற்கும் எண்ணிக்கை தேவைப்படுகிறது.

கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் மீனில் முதல் பங்கு ஆற்றுக்குரியது. அடுத்த பங்கு கரையோர மக்களின் உணவுக்குரியது. யூப்பிக், அலூட்டிக், டெனைனா மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இம்மீனை நம்பி வாழ்கிறார்கள். மீனை நெடுக அறுத்து, மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் உலர்த்திப் புகையிட்டுக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். கருவாட்டை அறிந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. உணவுக்காகப் பிடிப்பதற்கே முன்னுரிமை என்று 1978இல் மாநிலச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. வணிகத்துக்குரிய பங்கு இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

இந்த வரிசை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1880களில் இங்கு மீனைத் தகரக் குவளைகளில் அடைக்கும் ஆலைகள் வந்தன. ஆலைகளின் உரிமையாளர்கள் வெளியூரில் இருந்தார்கள்; எத்தனை மீன் ஆற்றுக்குச் செல்ல வேண்டும் என்பதைவிட எத்தனை பெட்டி கப்பலில் ஏற வேண்டும் என்பதே அவர்களுடைய கணக்காக இருந்தது. அலாஸ்காவின் பிற கரைகளில் ஆலைகள் பெரும் மீன்பொறிகளை அமைத்து மீனை வாரி எடுத்தன. 1959இல் அலாஸ்கா தனி மாநிலமானபோது அப்பொறிகள் ஒழிக்கப்பட்டன. மீன்வளத்தை என்றும் குன்றாத அளவில் பயன்படுத்த வேண்டும் என்ற கோட்பாடு மாநில அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றது.

அதன் பிறகும் சோதனை வந்தது. 1970களின் தொடக்கத்தில் மீன்வரவு சரிந்தது. 1973ஆம் ஆண்டில் முழு விரிகுடாவிலும் பிடிபட்ட சாக்கை ஒரு மில்லியனைக்கூட எட்டவில்லை. கடன் வாங்கி வலை வாங்கியவர்கள், மீன் கடந்து செல்வதைப் பார்த்தும் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. ஆறுகளுக்கு அதன் பங்கு கொடுக்கப்பட்டது. மீன்வரவு படிப்படியாக மீண்டது. இதற்குக் கடலின் வெப்பநிலை மாற்றமும், வெளிநாட்டுக் கப்பல்கள் நடுக்கடலில் பிடிப்பது கட்டுப்படுத்தப்பட்டதும் காரணங்கள். 2022இல் ஏறத்தாழ 79 மில்லியன் சாக்கைகள் திரும்பின. அதுவரை பதிவான வரவுகளில் அதுவே பெரியது. ஏறத்தாழ 60 மில்லியன் பிடிபட்டன. எஞ்சியவை ஆறுகளில் ஏறின.

மீன் மீண்டுவிட்டது, மீனவர் வாழ்வும் அவ்வாறே செழித்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

மீனவர் தொகை அளவுக்கு மீறாமல் இருக்க, 1973இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வணிக மீன்பிடிப்புக்கு உரிமம் கட்டாயமானது. உரிமங்களின் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. இன்று விரிகுடாவில் நிலைவலைக்கு ஏறத்தாழ ஆயிரம் உரிமங்கள் உள்ளன. முன்பு மீன்பிடித்த அனுபவத்தைக் கொண்டு உரிமம் வழங்கப்பட்டது. ஆனால் ஆங்கிலப் படிவங்களை நிரப்புவதற்கும் பழைய சான்றுகளைத் தேடுவதற்கும் இயலாத கிராமத்தவர் சிலர் உரிமம் பெறாமல் போயினர். பெற்றவர்களும் அதை விற்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. விலை வீழ்ந்த ஆண்டில், வீட்டில் நோயோ கடனோ வந்தபோது, சிலர் விற்றார்கள். வாங்கியவர் வெளியூர்க்காரர். அந்த உரிமம் மீண்டும் கிராமத்துக்கு வருவது அரிது. அதன் விலை ஓர் இளைஞரின் சேமிப்புக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையில் வாழ்வோர் கையில் உள்ள உரிமங்கள் இவ்வாறு பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்துள்ளன. மீனைக் காத்த அதே சட்டம், தன் வாசலைக் கடந்து செல்லும் மீனைப் பிடிக்கும் உரிமையைச் சில குடும்பங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. இரண்டும் உண்மை.

விலையும் மீனவர் கையில் இல்லை. மீனைக் கொடுத்து முடித்த பிறகே அதன் விலை தெரிய வருவது இங்கு வழக்கம். 2022இல் ஒரு பவுண்டு மீனுக்கு, அதாவது ஏறத்தாழ 450 கிராமுக்கு, அடிப்படை விலை 1 டாலர் 15 சென்ட். அடுத்த ஆண்டே அது 50 சென்ட்டாகச் சரிந்தது. ஐந்து பவுண்டு எடையுள்ள ஒரு மீனைச் சேற்றிலிருந்து எடுத்து, சுத்தம் கெடாமல் குளிரூட்டி, கப்பலில் சேர்ப்பவருக்குக் கிடைத்தது இரண்டரை டாலர்தான். எரிபொருளும் வலையும் உதவியாளர் கூலியும் அதிலிருந்தே கழிய வேண்டும்.

ஆற்றின் தலைப்பகுதிக்கும் ஓர் அச்சம் இருந்தது. நுஷகாக், க்விஜாக் ஆறுகள் ஊற்றெடுக்கும் பகுதியில் செம்பும் தங்கமும் எடுக்கும் 'பெபிள்' சுரங்கத் திட்டம் நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. வேலை கிடைக்கும் என்று ஆதரித்தவர்களும் இருந்தார்கள். முட்டையிடும் ஓடைகள் அழியும் என்று எதிர்த்த மீனவர்களும் பழங்குடியினரும் இருந்தார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, அத்திட்டத்தின் கழிவை அங்குள்ள நீர்நிலைகளில் கொட்டுவதற்குத் தடை விதித்தது.

வானொலி கரகரக்கிறது. கரையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். மாவட்டத்தின் பெயர், கோபுரத்தில் நேற்று எண்ணிய தொகை, இதுவரை ஏறிய மொத்தத் தொகை ஆகியவை நிதானமாக வாசிக்கப்படுகின்றன. பிறகு நேரம். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணிவரை வலை போடலாம்.

பாட்டி கையுறையை இழுத்து மாட்டிக்கொள்கிறார். பேத்தி படகின் கயிற்றை அவிழ்க்கிறாள். ஒன்பது மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை துள்ளும் மீன்கள் அனைத்தும் ஆற்றுக்குரியவை. பல கிலோமீட்டருக்கு அப்பால் பரண்மேல் நிற்பவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பத்து நிமிடத்துக்கு எண்ணத் தொடங்குகிறார்.